'கலப்பு' என்ற சொல்லும் வாகரை வேடரும்

அண்மையில் ஒரு நூல் வெளியீட்டு விழாவில் வாகரைப் பகுதி வேடர்களைப் பற்றிய பேச்சு எழுந்தது. மேடையிலிருந்த கல்விமான் ஒருவர் மிக எளிதாகத் தீர்ப்பளித்தார்: "அவர்கள் இப்போது வேடர் அல்லர்; கலப்பினத்தார். தமிழ் பேசுகிறார்கள், கோயிலுக்குப் போகிறார்கள், கடலில் மீன் பிடிக்கிறார்கள்." சபை தலையசைத்தது. என்னால் அசைக்க முடியவில்லை.

காரணம், அதே குற்றத்தை நானும் செய்தவன். 2002ஆம் ஆண்டுப் போர்நிறுத்த காலத்தில், பனிச்சங்கேணிக்கு அப்பாலுள்ள ஊர்களிலிருந்து எங்கள் நிருபர் ஒரு செய்தி அனுப்பியிருந்தார். அதில் 'வேடர்' என்று அவர் எழுதியிருந்த இடங்களிலெல்லாம் 'வேடர் கலப்புடைய தமிழர்' என்று நான் திருத்தினேன். செம்மைப்படுத்துவதாக எண்ணம்! மறுநாள் அந்தப் பெரியவர் தொலைபேசியில் கேட்டார்: "தம்பி, அவங்க தங்கள என்னெண்டு சொல்றாங்களோ, அதத்தானே நான் எழுதினேன்?" என்னிடம் மறுமொழி இருக்கவில்லை. இன்றும் இல்லை.

'கலப்பு' என்ற சொல்லை நாம் யாருக்குச் சூட்டுகிறோம் என்று பாருங்கள். எண்ணிக்கையில் சிறியோருக்கும் நிலமற்றோருக்கும் மட்டுமே. மட்டக்களப்புத் தமிழரின் தோற்றக் கதைகளைக் கூறும் 'மட்டக்களப்பு மான்மியம்' கலிங்கத்தையும் சோழ நாட்டையும் இன்னும் பல திசைகளையும் குறிப்பிடுகிறது. அத்தனை திசையிலிருந்து வந்தவர்களை எவரும் கலப்பினம் என்பதில்லை, குடிப்பெருமை என்கிறோம். காட்டோரத்திலும் கடலோரத்திலும் வாழ்பவன் அயலூர்ப் பெண்ணை மணந்தால் மட்டும் அவன் இனம் கரைந்து விடுகிறதாம்.

இந்த நோய்க்கு ஒரு வரலாறு உண்டு. 1911இல் வெளிவந்த செலிக்மன் தம்பதியரின் 'வேடர்கள்' என்ற நூல், கலப்பற்ற வேடரைத் தேடிச் சென்ற பயணத்தின் விளைவு. காட்டு வேடரே அவர்களுக்கு உரைகல்லாயினர். தமிழரோடு மணவுறவு கொண்ட கிழக்குக் கரையோர வேடர் அந்த உரைகல்லில் மாற்றுக் குறைந்தவர்களாகப் போயினர். அன்று அளவிட்டவர் வெள்ளையர். இன்று அதே அளவுகோலை ஏந்தி நிற்பவர்கள் நாம். வேடர் என்றால் தம்பானையில் தோளில் கோடரியோடு நிற்கும் தாடிக்காரர் என்ற படமொன்று நம் மனத்தில் பதிந்திருக்கிறது. கதிரவெளியில் வலை பின்னுபவர் அந்தப் படத்துக்குப் பொருந்தமாட்டார். பொருந்தாதது படத்தின் குறையா, மனிதரின் குறையா?

இது வெறும் சொல்லாராய்ச்சி அன்று. குடிசன மதிப்பீட்டைப் பாருங்கள். 1911இல் இலங்கை வேடர் ஏறத்தாழ 5,300 பேர். 1946இல் ஏறத்தாழ 2,400. இந்த முப்பத்தைந்து ஆண்டுகளில் பாதிப்பேர் கொள்ளைநோயில் மாண்டார்களா? தமிழ் பேசியவர் தமிழராகவும் சிங்களம் பேசியவர் சிங்களவராகவும் எழுதப்பட்டதைக் கணக்கில் எடுக்காமல் இந்த வீழ்ச்சியை விளக்க முடியாது. 2012ஆம் ஆண்டு மதிப்பீட்டின் இனவாரி அட்டவணையில் பறங்கியர், மலாயர், செட்டிமார், பரதர் ஆகியோருக்குத் தனித்தனி நிரல் இருந்தது. வேடருக்கு இல்லை, அவர்கள் 'ஏனையோர்'. நிரல் இல்லாத மக்களுக்காகக் காட்டுரிமையையோ கடலுரிமையையோ யார் கேட்பது?

மட்டக்களப்பு நகரத்துப் பறங்கியரின் நிலை வேறு. போர்த்துக்கேயர் வழிவந்த அவர்கள் கலப்பை மறைத்ததில்லை. வீட்டில் போர்த்துக்கேயக் கிரியோலும் வெளியே தமிழுமாக வாழ்ந்தனர். ஆனால் அங்கும் ஒரு வேடிக்கை. தந்தைவழியில் ஐரோப்பியர் இருந்தால் பறங்கியர்; தாய்வழியில் மட்டும் இருந்தால் அல்லர் என்பதே காலனித்துவ இலக்கணம். இரத்தத்துக்கும் ஆண்பால், பெண்பால் பார்த்தார்கள்!

'துப்பாசி' என்ற சொல்லின் கதையையும் இங்கே நினைக்க வேண்டும். இரு மொழி அறிந்தவன் என்பது அதன் பொருள். புதுச்சேரியில் தூப்ளெக்சின் துபாசியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளைக்கு அது பெருமைப் பதவி. அதே சொல் சிங்களத்தில் 'துப்பஹி' ஆகி, கலப்பில் பிறந்தவரை இழிக்கும் வசையாயிற்று. நாவுக்குரிய தகுதியை இரத்தத்தின் மாசாக மாற்றிவிட்டார்கள்.

ஆனால் நம் மண்ணிலேயே வேறொரு கணக்கு இருந்ததே! மட்டக்களப்பின் குடிமுறை தாய்வழியானது. தாயின் குடி எதுவோ, அதுவே பிள்ளையின் குடி. தந்தை எங்கிருந்து வந்தாலும் பிள்ளை முழுமையாக அந்தக் குடியைச் சேரும். அரைக்குடி, கால்குடி என்று எவரும் பேசியதில்லை. நம் பாட்டிமாருக்குத் தெரிந்திருந்த இந்தக் கணக்கு, மேடையிலிருந்த கல்விமானுக்கு எப்படி மறந்தது?

வாகரை மக்கள் குமார தெய்வச் சடங்கை இன்றும் செய்கிறார்கள். 2004இல் கடல் அவர்களை அடித்தது. 2006 நவம்பரில், இடம்பெயர்ந்தோர் தங்கியிருந்த கதிரவெளிப் பாடசாலை மீது எறிகணைகள் வீழ்ந்தன. அதன் பின்னர் அந்தக் கரை முழுதும் அகதியாயிற்று. அகதி முகாமின் வரிசையில் நின்றவரிடம், நீர் கலப்பா, தூய்மையா என்று எவரும் கேட்டதாக நான் அறியேன்.

அந்த நிருபர் இப்போது இல்லை. அவருடைய செய்தியில் நான் வெட்டிய சொல்லை, காலந்தாழ்த்தியேனும் இங்கே திரும்ப எழுதுகிறேன்: வாகரையில் வாழ்பவர்கள் வேடர்கள். அவர்கள் தமிழ் பேசுகிறார்கள்.