பம்பைக் கழற்றும் முன்

ஒற்றசேகரமங்கலம் ஏற்றங்களில் பழைய டீசல் லாரி, ஆக்சிலேட்டரை மிதித்ததும் குலுங்கித் திணறினால், 'பம்ப் போய்விட்டது' என்று உடனே தீர்ப்பு வந்துவிடுகிறது. லாரியை நம்பிப் பிழைக்கும் நம் குடும்பங்களும் கடன் வாங்கிப் பம்பைக் கழற்றுகின்றன. இது தவறு என்பது என் கருத்து.

ரயில்வேயில் 16 சிலிண்டர் டபிள்யூ.டி.எம்.2 இன்ஜினில் சிலிண்டருக்கு ஒரு பம்ப் இருந்தது. அத்தனையையும் கழற்றவா முடியும்? சுலபமானதை முதலில் பார்ப்போம்.

லாரிக்கும் அதுவே வழி. முதலில் டீசல் ஃபில்டர், ஏர் ஃபில்டர். அடுத்து, டீசல் குழாயில் புகுந்த காற்றைக் கைப்பம்ப் அடித்து வெளியேற்ற வேண்டும். பிறகு, ஐட்லிங்கில் இன்ஜெக்டர் குழாய் நட்டுகளை மெக்கானிக் ஒவ்வொன்றாகத் தளர்த்தட்டும். எதைத் தளர்த்தியும் சத்தம் மாறவில்லையோ, அந்தச் சிலிண்டரில்தான் கோளாறு. பீறிடும் டீசல் தோலைத் துளைக்கும். நீங்கள் கை வைக்காதீர்கள்.

இவ்வளவும் பார்த்தாயிற்றா என்று கேட்ட பிறகே பம்புக்குப் பணம் கொடுங்கள்.