ஆற்றுநீரும் அடிமறிமாற்றும்

பொருள்கோள் எட்டென்று நன்னூலார் வகுத்தார். மாணாக்கர் அவற்றை மனனஞ் செய்து, தேர்வெழுதி, அடுத்த மாதமே மறந்துவிடுவர். அவற்றுள் இரண்டை மட்டும் அன்பர்கள் இன்று நினைவுகூர வேண்டுகிறேன். தொடக்கத்திலிருந்து முடிவுவரை ஓடையென ஒழுகிப் பொருள் தருவது ஆற்றுநீர்ப் பொருள்கோள். எவ்வடியை எங்கே மாற்றி வைத்தாலும் பொருள் கெடாது நிற்பது அடிமறிமாற்று. முப்பது ஆண்டுகளாக வகுப்பறையில் யான் கற்பித்துவந்த இவ்வேற்றுமையை, சென்ற மாரிகாலத்தில் ஒரு செத்தவீட்டிலே ஒரு கைத்தொலைபேசி எனக்கே திரும்பக் கற்பித்தது.

எங்கள் தீவுப் பகுதியில், திருப்பொற்சுண்ணம் பாடச் சுண்ணம் இடிப்பது சைவர் இறுதிக்கிரியையில் வழிவழி வந்த முறை. அன்று வாடைக்காற்று மிகுந்து கடல் கொந்தளித்தமையால் படகுகள் ஓடவில்லை. பாடுபவர் அயல்தீவிலிருந்து வரவேண்டியவர்; வரமுடியவில்லை. எனக்கோ குரல் எப்போதோ போய்விட்டது. இறந்தவரின் பேரன் முறையான பையன், என் மாணாக்கன், தன் கைத்தொலைபேசியில் இருந்த ஏதோ ஓர் இசைச் செயலியைத் திறந்து, அதனை ஒலிபெருக்கியோடு இணைத்தான். உலக்கையைப் பிடித்தாயிற்று. ஒலித்ததோ பதிகத்தின் நடுப்பாட்டு. அது முடிந்ததும் முதற்பாட்டு வரும் என எதிர்பார்த்திருந்தோம். வேறொரு பதிகத்திலிருந்து ஒரு துணுக்கு வந்தது. அதன்பின் ஒரு விளம்பரம். அதன்பின் கெட்டிமேளம்! மாங்கல்யம் பூட்டும் வேளையின் கெட்டிமேளம், பிரேதத்தின் தலைமாட்டிலே. தலைவிரி கோலமாய் இருந்த அம்மையார் அழுகையை நிறுத்தி நிமிர்ந்து பார்த்தார். அப்பார்வையை யான் மறக்கப்போவதில்லை.

"ஐயா, நான் ஒண்டையும் அமத்தேல்லை, அது தன்ர பாட்டிலை போட்டுது" என்றான் பையன், கண்கலங்கி. அவன் சொன்னது உண்மை. அவன் அமத்தாமல் விட்டதே பிழையாயிற்று. குறுக்கிட்டு ஓடும் இரண்டு அம்புகள் போன்ற சிறு குறியொன்று அத்திரையில் உண்டு. அது உயிர்பெற்றிருந்தால், முந்நூற்றுநாலு ஆடுவோர் சீட்டுக் கலைப்பதுபோல், பாட்டுகள் கலைக்கப்படும். 'சஃபிள்' என்பர் ஆங்கிலேயர். 'கலைப்பு' என்றால் நமக்குப் போதும். அதனோடு இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. இச்செயலிகள் பட்டியல் தீர்ந்த பின்னும், சில வேளைகளில் தீருமுன்னும், 'இதுவும் உமக்குப் பிடிக்கும்' என்று தாமாகவே வேறு பாட்டுகளை இடைச்செருகும். ஏடுகளிலே இடைச்செருகலைக் கண்டுபிடிக்க நம் பதிப்பாசிரியர் பட்ட பாட்டை அறிந்தவர்க்கு, இடைச்செருகலையே ஒரு வசதியென விற்கும் காலம் வியப்பூட்டும்.

கலைப்பின் வரலாறு சுவையானது. ரொனால்ட் ஃபிஷர், ஃபிராங்க் யேற்ஸ் என்னும் புள்ளியியலார் இருவர் 1938 இல், ஒரு வரிசையை ஓரவஞ்சனையின்றிக் கலைக்கும் முறையொன்றை வெளியிட்டனர். கணினிக்கேற்ற அதன் வடிவம் 1964 இல் வந்தது. எனினும் உண்மையான கலைப்பு மாந்தர்க்கு உவப்பாயில்லை. சீட்டை நன்றாகக் கலைத்தாலும் ஒரே சாதிச் சீட்டு மூன்று அடுத்தடுத்து விழுவதுண்டன்றோ? அவ்வாறே ஒரே பாடகரின் பாட்டுகள் அடுத்தடுத்து வந்தபோது, 'இது கலைப்பன்று. ஏதோ சதி' என்று கேட்போர் முறையிட்டனர். ஆப்பிள் நிறுவனத்தின் ஸ்டீவ் ஜொப்ஸ் 2005 இலும், ஸ்பொட்டிஃபை நிறுவனத்தார் 2014 இலும், கலைப்பைக் குறைத்தே கலைப்புப்போலத் தோன்றச் செய்ய வேண்டியதாயிற்று. முறையே வேண்டாம் என்று முறையைத் துறந்தவர்க்கும் மறைவாக ஒரு முறை வேண்டியிருக்கிறது என்க.

முறைக்காகக் குரல் கொடுத்தவர் ஒரு பண்டிதர் அல்லர். இங்கிலாந்துப் பாடகி அடேல். அவருடைய '30' என்னும் தொகுதி 2021 நவம்பரில் வெளிவந்தது. பாடகர் தம் தொகுதியின் வரிசையை ஆழ்ந்து எண்ணியே அமைக்கின்றனர், அது ஒரு கதை சொல்கிறது, அவ்வாறே கேட்கப்படல் வேண்டும் என்பது அவர் வேண்டுகோள். ஸ்பொட்டிஃபை நிறுவனத்தார் இணங்கி, தொகுதிப் பக்கத்தில் முதன்மைப் பொத்தானாயிருந்த கலைப்புக் குறியை நீக்கினர். கலைத்துக் கேட்க விரும்புவார் வேறிடத்திற் கலைத்துக்கொள்ளலாம்; ஆனால் கட்டணம் செலுத்துவோர்க்குக் கேளாமலே கலைத்துத் தருவது நின்றது. ஒருத்தி சொல்லி உலகெங்கும் ஒரு பொத்தான் இடம்பெயர்ந்தது. நம் சபைகளும் சங்கங்களும் இதுபோல் ஒரு வரி எழுதிக் கேட்டதுண்டோ என எண்ணும்போது எனக்கு வெட்கமே மிஞ்சுகிறது.

கேட்பதற்கு நம்மிடமே காரணம் மிகுதி. அரியக்குடி இராமானுச ஐயங்கார் நிலைபெறுத்திய கச்சேரி முறையை எடுத்துக்கொள்க. வர்ணத்தில் தொடங்கி, விறுவிறுப்பான கீர்த்தனங்களால் அவையை இழுத்து, விரிவான இராகத்துக்கு வந்து, தனியாவர்த்தனம் கண்டு, துக்கடாக்களால் இளைப்பாற்றி, மங்களத்தில் முடிப்பது அது. அதனை இசைத்தொகுதியாக வெளியிடுவோர் ஆலாபனையை ஒரு துண்டாகவும், கீர்த்தனத்தை இன்னொரு துண்டாகவும், தனியாவர்த்தனத்தை மூன்றாம் துண்டாகவும் வெட்டி ஏற்றிவிடுகின்றனர். கலைப்புக் குறி உயிரோடிருந்தால், எந்தப் பாட்டுக்கென்றே தெரியாத தனியாவர்த்தனம் முதலில் முழங்கும். அரைமணி கழித்துக் கீர்த்தனம் வரும். ஆலாபனை மங்களத்துக்குப் பின் வந்து நிற்கும். விருத்தம் ஒருபுறம், அது எடுத்துக்கொடுத்த பாட்டு மறுபுறம். இங்ஙனம் கேட்டு வளரும் பிள்ளை, ஆலாபனை என்பது தன்னளவில் முடிந்த ஒரு பாட்டு என்று எண்ணினால் அது அப்பிள்ளையின் குற்றமன்று.

கோயிலிலோ இது இன்னும் கூர்மையானது. பஞ்சபுராணம் ஓதுகையில் தேவாரம், திருவாசகம், திருவிசைப்பா, திருப்பல்லாண்டு, புராணம் என வருவது திருமுறை வைப்பின் ஏறுவரிசையே: ஏழுவரை தேவாரம், எட்டாவது திருவாசகம், ஒன்பதில் அடுத்த இரண்டும், பன்னிரண்டாவது பெரியபுராணம். நம்மூர்த் திருவிழாவில் ஊஞ்சல் பாடி, எச்சரிக்கை, பராக்கு, லாலி, மங்களம் என்று முடிப்பர். மங்களம் பாடிவிட்டு எச்சரிக்கை பாடினால், உறங்கிய குழந்தையை எழுப்பித் தாலாட்டத் தொடங்குவது போலாகும். அந்தாதி என்னும் இலக்கியமோ வரிசையையே உயிராகக் கொண்டது. ஒரு செய்யுளின் ஈறு அடுத்ததன் முதலாய்க் கோத்த சங்கிலியைக் கலைத்தால் கையில் வருவன வளையங்களே.

இனி, மறுத்துக் கூறுவாரும் உளர். என் வகுப்பு மாணவி ஒருத்தி எழுந்து, "ஐயா, திருக்குறளை நாங்கள் எந்தப் பக்கத்திலும் பிரித்துப் படிக்கிறோமே, அது கெட்டுப்போயிற்றா?" என்றாள். நல்ல கேள்வி. குறள்களின் வைப்பில் மணக்குடவரும் பரிமேலழகருமே ஒத்துப்போகவில்லை. தேவாரத்துக்கோ இரண்டு முறைகள் உள. பண்முறையில் சம்பந்தரின் திருக்கேதீச்சரப் பதிகம் இரண்டாந் திருமுறையிலும், திருக்கோணமலைப் பதிகம் மூன்றிலும், சுந்தரரின் கேதீச்சரப் பதிகம் ஏழிலும் கிடக்கும். தலமுறைப் பதிப்பில் ஈழநாட்டுத் தலங்கள் என மூன்றும் ஓரிடத்தே கூடும். பாடக் கற்பவனுக்குப் பண்முறை உதவும். தலயாத்திரை செய்பவனுக்குத் தலமுறை உதவும். ஆகவே வரிசை ஒன்றே என்று பிடிவாதம் செய்ய எனக்கு உரிமையில்லை. பழைய திரைப்பாடல்களைச் சமையல் வேளையில் கலைத்துக் கேட்பதையும் யான் குறைகூறேன், அவை அடிமறிமாற்று. என் மனைவியார் அப்படித்தான் கேட்கிறார். எனக்கும் அது பிடித்தே இருக்கிறது. ஆனால் பண்முறையையும் தலமுறையையும் வகுத்தவர் காரணம் கேட்டால் சொல்வர். மாற்றியது ஏன் என்று கலைப்புப் பொறியைக் கேட்டால் அதனிடம் விடையில்லை. ஆற்றுநீரை அடிமறிமாற்றாகக் கருதி மாற்றிவைப்பவன் தேர்வில் தவறுவான். அப்பொறி எல்லாப் பாட்டுக்கும் அதையே செய்கிறது.

இதிற் பணமும் கலந்திருந்தது. ஸ்பொட்டிஃபை 2013 இன் இறுதியில் கைத்தொலைபேசியில் இலவசமாகக் கேட்க வழிசெய்தபோது, பெரும்பாலும் கலைத்தே கேட்கலாம் என்றது. விரும்பியதை விரும்பிய வரிசையில் கேட்பது கட்டணம் செலுத்துவோர்க்கு. இலங்கைக்கு அச்சேவை 2021 இல் வந்தது. இலவசமாகக் கேட்போரும் வேண்டிய பாட்டைத் தேர்ந்து ஒலிக்கலாம் என 2025 செப்ரெம்பரிலேதான் தளர்த்தினர். அதுவரை, வறியவன் வீட்டில் வரிசை குலைந்தும் செல்வன் வீட்டில் வரிசை நின்றும் ஒலித்தது ஒரே பாட்டு.

இசைத்தொகுதி வெளியிடும் நம்மவர்க்கு ஒரு வேண்டுகோள். பிரியக்கூடாதவற்றைப் பிரிக்காதீர், ஆலாபனையும் கீர்த்தனமும் தனியாவர்த்தனமும் ஒரே துண்டாய் இருக்கட்டும். பதிகம் முழுவதும் ஒரே துண்டாய் இருக்கட்டும். ஆசிரியர்களுக்கு ஒன்று: குறுக்கம்புக் குறி எது, தானே தொடர்ந்து ஒலிப்பதை நிறுத்தும் இடம் எது, 'அடுத்து ஒலிக்க' எனப் பாட்டை வரிசையிற் சேர்ப்பது எங்ஙனம் என்பவற்றைப் பிள்ளைகளிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பத்து நிமிட வேலை. யான் கற்றேன்.

கடல் அடங்கிய பின், அப்பையனும் யானும் அயல்தீவுக்குச் சென்று, பாடுபவரை இருத்தித் திருப்பொற்சுண்ணத்தின் இருபது பாட்டுகளையும் கைத்தொலைபேசியில் பதிந்து வந்தோம். அவருக்கு மூச்சு வாங்கியமையால் இருபது துண்டாயிற்று. 1 முதல் 20 வரை எண்ணிட்டோம். ஒலிக்கவிட்டபோது முதற்பாட்டின் பின் பத்தாம் பாட்டு வந்தது! எண்ணை எண்ணாகக் கருதாது எழுத்தாகக் கருதும் கருவிக்கு 1 ஐ அடுத்தது 10. 2 வருவது 19 இன் பின். (தமிழெழுத்திலும் இவ்விடர் உண்டு. நன்னூலார் மெய்களின் ஈற்றில் வைத்த னகரம், கணினியின் குறியெண் வரிசையில் நகரத்துக்கும் பகரத்துக்கும் நடுவே கிடக்கிறது. எழுத்திலக்கணத்தின் பன்னிரு பகுதிகளுள் 'முறை' என ஒன்றைத் தனியே வைத்தவர் இதனைக் கண்டால் என்ன சொல்வாரோ!) பையனே வழி கண்டான்: 01, 02 என்று எழுதினான்.

மறுநாட் பாடசாலை விட்டபின் வகுப்பறையில் அமர்ந்து கேட்டோம். மாலை தூக்கித் தூபதீபம் வைக்கச் சொல்லும் முதற்பாட்டிலிருந்து ஒழுங்காக வந்தது. இருபதாம் பாட்டு முடிந்ததும் கருவி நின்றது. இன்னும் ஏதேனும் வருமோ என்று அவன் சற்று நேரம் அதனையே பார்த்துக்கொண்டிருந்தான். ஒன்றும் வரவில்லை.