கிராமத்துச் சின்னங்களைக் காப்பது யார் கடமை?

2018இல் தில்லி செங்கோட்டையில் பார்வையாளர் வசதிகளை அமைத்துப் பராமரிக்கும் பொறுப்பு, ஐந்தாண்டுகளுக்கு 25 கோடி ரூபாய் என்ற அளவில் டால்மியா பாரத் நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டது. மரபுச் சின்னங்களைத் 'தத்தெடுக்கும்' திட்டமாம்! கூட்டம் கூடுமிடத்தில் பெயர்ப்பலகை நடத் தனியார் மூலதனம் முன்வருவதில் வியப்பில்லை. பார்வையாளரே வராத கிராமத்துக் கோயிலையும் மசூதியையும் சிறுகோட்டையையும் யார் தத்தெடுப்பார்?

2022 டிசம்பரில் வெளியான நாடாளுமன்ற நிலைக்குழு அறிக்கை உண்மை நிலையை உணர்த்துகிறது. அப்போது ஒன்றிய அரசின் பாதுகாப்பிலிருந்த 3,693 சின்னங்களில் காவலர்கள் இருந்தது 248இல் மட்டுமே. காணாமற்போனவை 50: நகரமயத்துக்கு இரையானவை 14, நீர்த்தேக்கங்களில் மூழ்கியவை 12, இருந்த இடமே தெரியாதவை 24. இறுதி வகையில் ஒன்று, தலைநகர் தில்லியின் பாராகம்பா கல்லறைத் தோட்டம். அமைச்சகங்களின் வாசலிலேயே இந்நிலை என்றால், குக்கிராமங்களின் கதி என்ன?

தேசிய முக்கியத்துவம் வாய்ந்த சின்னங்களைக் காப்பது அரசின் கடமை என்கிறது அரசமைப்புச் சட்டத்தின் 49ஆவது பிரிவு. கடமையைக் குத்தகைக்கு விட இயலாது. கிராமப்புறச் சின்னங்களின் சீரமைப்புக்கு வரவு-செலவுத் திட்டத்தில் தனி நிதி ஒதுக்கப்பட வேண்டும். போதிய காவலர்கள் நியமிக்கப்பட வேண்டும். உள்ளூர்க் கல்தச்சருக்கும் கொத்தனாருக்கும் உரிய கூலியுடன் அப்பணி வழங்கப்பட வேண்டும். உழைப்பாளர் கரங்கள் எழுப்பிய கட்டடங்கள் மக்களின் பொதுச்சொத்து.