பழைய ரம்பம் வாங்கப் போகிறீர்களா?

2011 டிசம்பர் 30-இல் தானே புயல் கடலூர் மாவட்டத்தைப் புரட்டிப் போட்டபோது முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன. கதவு நிலைக்கு ஆகியிருக்க வேண்டிய பலாவை விறகு விலைக்குக் கொடுத்தவர்கள் உண்டு. தோட்டத்துக்கே இழுத்து வரும் நாடா ரம்பத்தைப் பழையதாகவாவது வாங்கலாமா என்று விருத்தாசலம் பகுதி விவசாயிகள் கேட்கிறார்கள். நாலைந்து பேர் சேர்ந்தால் வாங்கலாம். (உழவு இயந்திரத்தை வாடகைக்குத் தரும் வேளாண்மைப் பொறியியல் துறை இதையும் தந்தால் இன்னும் நல்லது.)

பெயின்ட்டைப் பார்த்து ஏமாறாதீர்கள். எஞ்சினை அணைத்து, சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். கரகரத்தாலோ ஆடினாலோ பேரிங் போய்விட்டது, விலையில் கழியுங்கள்.

பலகை அலை அலையாக வந்தால் உடனே எஞ்சினைக் குறை சொல்கிறோம். பெரும்பாலும் பல் மழுங்கியிருக்கும், அல்லது நாடா தளர்ந்திருக்கும். ஒரே பக்கமாக இழுத்தால், பற்கள் இருபுறமும் சமமாக வளைக்கப்படவில்லை. ஈரப் பலாவின் பால் நாடாவில் அப்பிக்கொள்ளும். அறுக்கும்போது தண்ணீர் சொட்ட விடுங்கள். வேலியோர மரமென்றால் பட்டைக்குள் பழைய ஆணி, முள்கம்பி இருக்கிறதா என்று தேடுங்கள். வேலை முடிந்ததும் நாடாவைத் தளர்த்தி வையுங்கள். இறுக்கத்திலேயே விட்டால் விரிசல் காணும்.

காப்புத் தகடு இல்லாத இயந்திரம் மலிவாகக் கிடைக்கும். பட்டறையில் தகடு அடித்து மாட்டும்வரை அதை ஓட்டாதீர்கள்.