கரும்புச் சக்கையும் மின்கடத்தும் பிளாஸ்டிக்கும்

பிளாஸ்டிக் என்பது மின்சாரத்தைத் தடுக்கும் வஸ்து என்று வெகுகாலம் நிலவிய நம்பிக்கையை, ஷிராகாவா, மெக்டயார்மிட், ஹீகர் என்னும் மூவர், பாலிஅசெட்டிலீன் படலத்தில் அயோடின் ஆவியைச் செலுத்தி 1977-இல் தகர்த்தார்கள். 2000-ஆம் ஆண்டின் ரசாயன நோபல் பரிசும் அவர்களுக்கே கிடைத்தது. ஆயினும் மின்கடத்தும் பிளாஸ்டிக் வம்சத்தைச் சேர்ந்த பாலிஅனிலின் எளிதில் கரைவதில்லை, வளைத்தால் நொறுங்குகிறது.

இக்குறையைத் தீர்க்கும் சக்தி தாவரங்களிடம் உண்டு என்பதே என் திடமான அபிப்பிராயம். அனிலினும் அமிலமும் கலந்த நீரில் தாவரச் செல்லுலோஸ் நுண்ணிழைகளை ஊறவைத்து, குளிர்ந்த நிலையில் அம்மோனியம் பெர்சல்பேட்டைச் சேர்த்தால், வெண்மை மெல்ல நீலமாகி, பின்பு கரும்பச்சையாகிறது. அப்பச்சை நிறமே இழைகளின்மீது மின்கடத்தும் பாலிஅனிலின் உறை படிந்ததற்கு அத்தாட்சி. இழை உறுதியளிக்க, உறை மின்சாரத்தைக் கடத்த, வளையும் தாள் ஒன்று உருவாகிறது. செல்லுலோஸ் தானாக மின்சாரத்தைக் கடத்தாது, ஈரத்தையும் உறிஞ்சும். ஆகவே அளவறிந்து சேர்ப்பது அவசியம்.

தாவரங்களிலுள்ள மற்றொரு பொருளான லிக்னினின் மகிமை இன்னும் பெரிது. காகித ஆலைகளில் கூழிலிருந்து பிரியும் அப்பொருளில் பெரும்பகுதி கொதிகலனில் எரிந்துபோகிறது; ஆனால் சல்பைட் முறையில் கிடைக்கும் லிக்னோசல்போனேட்டோ, பாலிஅனிலின் மின்சாரத்தைக் கடத்துவதற்கு வேண்டிய அமிலத்தொகுதிகளைத் தானே அளிப்பதுடன், அதை நீரில் பரவி நிற்கவும் வைக்கிறது. இத்தகைய பொருளை வெறும் விறகாக மதிப்பது பெரும் விரயம்.

செல்லுலோஸும் லிக்னினும் கொண்ட கரும்புச் சக்கையிலிருந்து காகிதம் செய்யும் புகளூர் ஆலையும், காரைக்குடி மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையமும் ஒரே மாநிலத்தில் அமைந்திருக்க, இவ்விரண்டையும் இணைக்கும் ஆராய்ச்சிக்கு அரசாங்கம் தாராளமாகப் பொருளுதவி செய்ய வேண்டும்.