திறக்கவில்லை என்றால் இல்லை என்று அர்த்தமல்ல

சென்ற ஆண்டு காலமான என் நண்பரின் மனைவி, பௌர்ணமிக் கூட்டம் கலைந்த மறுநாள் வேங்கிக்காலில் உள்ள என் வீட்டுக்கு வந்தார். "அண்ணா, அவர் கிரிவலம் பற்றி இன்டர்நெட்டில் எழுதினாரே, அதைப் பேரனுக்குப் படித்துக் காட்டணும். எடுத்துத் தர்றீங்களா?" என்றார்.

அவர் எழுதியதையெல்லாம் புக்மார்க் செய்து வைத்திருந்தேன். பெருமையோடு கம்ப்யூட்டரைப் போட்டேன். ஒன்றுகூடத் திறக்கவில்லை. ஒவ்வொன்றுக்கும் ஓர் எச்சரிக்கைதான் வந்தது. "அழிச்சிட்டாங்க போலிருக்கும்மா" என்று சொல்லிவிட்டேன். அவர் முகம் வாடிவிட்டது.

அவர் போன பிறகுதான் அந்த எச்சரிக்கையை முழுவதும் படித்தேன். உங்கள் கடிகாரம் பின்தங்கியிருக்கிறது என்று ஆங்கிலத்தில் தெளிவாகவே போட்டிருந்தது. திரையின் மூலையில் பார்த்தால் பல வருடம் முந்தைய தேதி!

இணையதளங்களுக்கு ஒரு சான்றிதழ் உண்டு. அது இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை செல்லும் என்று இருக்கும். நம் கம்ப்யூட்டர் அதைத் தன் கடிகாரத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கும். தேதி தவறாக இருந்தால் நல்ல தளத்தையும் நம்பாது. கடிகாரத்தை ஓட்டுவது உள்ளே இருக்கும் ரூபாய் நாணயம் அளவு பேட்டரி. சிஆர் 2032 என்று கேட்டால் கடையில் கிடைக்கும். அதை மாற்றித் தேதியைச் சரிசெய்ததும் நண்பரின் பக்கங்கள் எல்லாம் திறந்தன. உடனே தங்கச்சிக்குப் போன் செய்தேன்.

என் கருத்து இதுதான். நம் வயதுக்காரர்கள் இரண்டு தவறு செய்கிறோம். ஒன்று, "எனக்கு இதெல்லாம் வராது" என்று மௌஸைப் பேரனிடம் கொடுத்துவிடுகிறோம். இல்லையென்றால், என்னைப் போல "அழிந்துவிட்டது" என்று தீர்ப்பு எழுதிவிடுகிறோம். திரையில் வந்ததைப் படிப்பதில்லை. ரேஷன் கார்டில் ஓர் எழுத்துப் பிழை இருந்தாலும் கண்டுபிடிக்கும் நாம், இதை மட்டும் ஏன் படிக்காமல் மூடுகிறோம்?

முதலில் வேறொரு தளத்தைத் திறந்து பாருங்கள். எதுவுமே திறக்கவில்லை என்றால் கோளாறு நம் கம்ப்யூட்டரிலோ, இணைய இணைப்பிலோ இருக்கலாம். அந்த ஒன்று மட்டும் திறக்காமல் 404 என்று வந்தால், அந்த முகவரியில் பக்கம் இல்லை என்று பொருள். வாட்ஸ்அப்பில் வந்த முகவரியைக் காப்பி செய்யும்போது கடைசியில் ஒரு புள்ளியோ அடைப்புக்குறியோ ஒட்டிக்கொண்டிருக்கலாம். அதை நீக்கிப் பாருங்கள்.

பழைய தமிழ் வலைப்பூக்களுக்கு இன்னொரு விஷயம். 2012 முதல் சில வருடங்கள், இந்தியாவில் பிளாக்ஸ்பாட் பக்கங்களைத் திறந்தால் முகவரி 'டாட் இன்' என்று மாறிவிடும். 2020-ல் அந்த 'டாட் இன்' முகவரி கைமாறிவிட்டதால், நாம் சேமித்த இணைப்புகள் பயனற்றுப் போயின. 'இன்' என்பதை 'காம்' என்று மாற்றுங்கள். எழுதியவர் நீக்காதிருந்தால் கட்டுரை அங்கேயே இருக்கும்.

உண்மையிலேயே மூடிவிட்ட தளங்களும் உண்டு. 2009-ல் ஜியோசிட்டீஸை மூடியபோது எத்தனையோ பேரின் சொந்தப் பக்கங்கள் போய்விட்டன. ஆனாலும் இன்டர்நெட் ஆர்கைவின் 'வேபேக் மெஷின்' பல பழைய பக்கங்களுக்குப் பிரதி வைத்திருக்கிறது. பழைய முகவரியை அங்கே கொடுத்துப் பாருங்கள்.

ஓர் எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். தேதி சரியாக இருந்தும் 'பாதுகாப்பில்லை' என்று வந்தால் மீறி உள்ளே போகாதீர்கள். வங்கி விஷயத்தில் கூடவே கூடாது. 'கரண்ட் பில் கட்டவில்லை, இன்றிரவு துண்டிப்போம்' என்று தெரியாத எண்ணிலிருந்து வரும் இணைப்பு திறக்காமல் இருப்பதே நமக்கு நல்லது.

மறுநாள் பேரனோடு வந்த தங்கச்சி, அந்தக் கட்டுரையை இரண்டு தரம் படிக்கச் சொல்லிக் கேட்டார். இப்போது அதைப் பிரிண்ட் எடுத்தும் கொடுத்துவிட்டேன். காகிதத்துக்குப் பேட்டரி தேவையில்லையே!