தனி டம்ளரும் வெங்காய வேரும்

நான் பி.காம். படித்தவன். பத்தாம் வகுப்போடு சயின்ஸுக்கும் எனக்கும் கணக்கு முடிந்துவிட்டது. பிறகு இந்த விஷயத்தில் எனக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். எல்லாம் ஒரு டம்ளரால் வந்தது.

சென்ற வருடம் பிப்ரவரியில் ஊரிலிருந்து என் மாமா, பரேல் டாடா மெமோரியலில் காட்ட வந்தார். நவி மும்பையில் எங்கள் வீட்டில்தான் தங்கினார். ஏழாவது படிக்கும் மகளிடம் "தாத்தாவுக்கு வயித்துல கட்டி" என்று மட்டும் சொல்லி வைத்தோம். ஆனால் அவருக்குத் தனி டம்ளர், தனித் தட்டு. யாரும் சொல்லவில்லை, தானாக நடந்தது. தொட்டால் ஒட்டாது என்று எனக்கு அரைகுறையாகத் தெரியும். இருந்தாலும் எதற்கு வம்பு என்று பேசாமல் இருந்துவிட்டேன்.

பிப்ரவரி 28, தேசிய அறிவியல் தினம். மகளின் பள்ளிக்குப் புற்றுநோய் ஆராய்ச்சி செய்யும் ஒரு மாணவி வந்திருந்தார். லெக்சர் எதுவும் இல்லையாம். தண்ணீரில் வைத்து வேர்விட்ட வெங்காயம், கொஞ்சம் சாயம், மைக்ராஸ்கோப். வேர் நுனியை நசுக்கிப் பிள்ளைகளையே பார்க்கச் சொல்லியிருக்கிறார். சில செல்களில் குரோமோசோம்கள் நூல் நூலாக இரண்டு பக்கமும் பிரிந்து போவது தெரிந்ததாம். ஒரு செல் எப்போது பெருக வேண்டும், எப்போது நிறுத்த வேண்டும் என்று அதற்குள்ளேயே உத்தரவு உண்டு. அந்த உத்தரவு கெட்டுப்போய், நிற்காமல் பெருகுவதுதான் புற்றுநோய். லிமிட் தாண்டியும் பணம் கொடுத்துக்கொண்டே இருக்கும் அக்கவுண்ட் மாதிரி என்று எனக்குப் புரிந்தது.

பிறகு ஒரு பூவைக் காட்டினாராம். இங்கே சதாபுலி என்பார்கள், நம் நித்தியகல்யாணி. 1950களில் கனடாவில் ராபர்ட் நோபிள், சார்லஸ் பீர் என்ற இருவர் அது சர்க்கரை நோய்க்கு உதவுமா என்று சோதித்தார்கள். சர்க்கரை குறையவில்லை, எலிகளின் ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் குறைந்தன. அந்தச் செடியிலிருந்துதான் வின்பிளாஸ்டின், வின்கிறிஸ்டின் மருந்துகள் வந்தன. செல் இரண்டாகப் பிரிவதை நடுவில் தடுத்துவிடும். குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்கு இன்றும் வின்கிறிஸ்டின் கொடுக்கிறார்கள்.

அன்று மாலை மகள் எங்கள் டம்ளர் ஒன்றில் தண்ணீர் எடுத்து மாமாவிடம் கொடுத்தாள். என் மனைவி தடுக்கப் போனாள். "ஒட்டாதும்மா. அவர் செல்தான் அவருக்குள்ள பெருகுது" என்றாள். மாமா வாங்கிக் குடித்துவிட்டு, "இவளுக்காவது தெரிஞ்சுதே" என்றார். எனக்குத் தலை நிமிரவில்லை.

அடுத்த பெற்றோர் கூட்டத்தில் சிலர் சண்டைக்கே வந்துவிட்டார்கள். ஏழாம் வகுப்புக்குக் கேன்சர் எதற்கு, பிள்ளைகள் பயப்படாதா, அந்த நேரத்தில் ஃபவுண்டேஷன் கோச்சிங் வைக்கலாமே என்று. என்னைக் கேட்டால் இதுதான் சரியான வயது. எட்டு வயதில் சொன்னால் புரியாது. பதினாறில் என்ட்ரன்ஸ் பரீட்சைக்கு வராத எதையும் கேட்க மாட்டார்கள். அதோடு, நம் நாட்டு ஆண்களுக்கு அதிகம் வருவது வாய்ப் புற்றுநோய். குட்கா பாக்கெட்டை யாராவது நீட்டுவதும் இந்த வயதில்தான். 'கெட்ட பழக்கம்' என்ற நம் அட்வைஸை விட, கண்ணால் பார்த்த செல் அதிகம் பேசும். பயம் தெரியாததால் வருவது. எங்கள் வீட்டில் பயந்தது நாங்கள் பெரியவர்கள்தான்.

தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, 1954-ல் அடையாறில் புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கினார். எழுபது வருடம் தாண்டிவிட்டது. நாம் இன்னும் 'அந்த வியாதி' என்றுதான் சொல்கிறோம்.

மாமா ஆவணியில் போய்விட்டார். கடைசி வரை என் மகளிடம் மட்டும் தன் வியாதியைப் பற்றி வெளிப்படையாகப் பேசினார்.

உங்கள் சொசைட்டியில் பயாலஜி படிக்கும் பிள்ளை ஒன்றாவது இருக்கும். பள்ளியில் ஒரு மைக்ராஸ்கோப்பும் இருக்கும். கேட்டுப் பாருங்கள். வெங்காயம் நம் வீட்டிலேயே இருக்கிறது.